கையுறைக் கட்டுரை கெட்டுப்போன கதை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல. குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கையுறை தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஒரு பக்கக் கட்டுரை வேண்டும் என்றார் ஒரு பத்திரிகை ஆசிரியர். நானும் வாய் நிறைய "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.*

(* தெரியாது என்றால் சுத்தமாகத் தெரியாது. சின்ன வயதில் அக்கா கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். வேலியில் போய் விழுந்தேன். வேலிக்குத்தான் அதிகச் சேதம்.)

நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"குளிர் முதலில் வந்து தொடுவது நம் விரல்…" வேண்டாம். இந்த மாதிரிக் கட்டுரையெல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

"கையுறைகள் நான்கு வகைப்படும்." பள்ளிக்கூட வாடை அடிக்கிறது.

"அக்கா நேற்று அழுதாள்."

இதை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடித்தால் மிஞ்சுவது நான்கு வகைக் கையுறை மட்டும்தான்.

2

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நிலையத்துக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே சைக்கிளில் போய் ரத்தம் எடுத்துக்கொண்டு வருவாள். விடிந்ததும் கிளம்பிவிடுவாள். அவள் போய்ச் சேரும்வரை அவர்கள் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள்.

ரத்தம் எடுப்பவர்கள் நரம்பைக் கண்ணால் தேடுகிறார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா விரலால் தேடுவாள். புஜத்தில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, மெல்லிய ரப்பர் கையுறை வழியாகவே இடது ஆள்காட்டி விரல் நுனியால் முழங்கை மடிப்பை அழுத்திப் பார்ப்பாள். மெத்தென்று எழும்பி வரும் இடம்தான் நரம்பு. விரல் மரத்துப்போனால் தோலும் தசையும் நரம்பும் எல்லாம் ஒன்றுதான்.

போன வாரம் மரத்துப்போயிருந்தது. ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர். வாராவாரம் ரத்தம் பார்த்துத்தான் அவருக்கு மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். அக்கா மூன்று தடவை குத்தினாள். வரவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

"பரவால்லம்மா, இன்னொரு கை இருக்கே" என்று மறுபக்கச் சட்டைக் கையைச் சுருட்டினாராம்.

நான்காவது குத்தில் கிடைத்தது. அவர் யாரிடமும் புகார் சொல்லவில்லை. அக்காவே மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். வரும் திங்கட்கிழமையும் நானே அவர் வீட்டுக்குப் போகிறேன், முதல் குத்தில் எடுக்காவிட்டால் இனி வெளியே போகவில்லை, உள்ளே கவுண்டரில் உட்கார்ந்து சீட்டு கொடுக்கிறேன் என்று. மேற்பார்வையாளர் "சரி" என்றார். அவர் மறுப்பார் என்று அக்கா எதிர்பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

"ஏன்க்கா, கிளவுஸ் போட்டுட்டுத்தானே போன?"

"பழசு கிழிஞ்சுதுன்னுதானே புதுசு வாங்குனோம்? நீயும்தானே கூட வந்தே. பாத்துப் பாத்துத்தானே எடுத்தேன்."

"அப்புறம் ஏன் மரத்துப்போச்சு?"

"கிளவுஸ் சரியில்லன்னா மாத்திக்கலாம். கையே சரியில்லன்னா?"

அதற்குப் பிறகுதான் அழுதாள்.

3

(ஆசிரியருக்கு: கையுறை வரும். கொஞ்சம் பொறுங்கள்.)

அக்கா ஒரு கதாபாத்திரமாகத் தேறுவாளா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. தானே போய் மாட்டிக்கொள்கிறவளை வாசகர் நம்புவாரா? கெட்ட குணம் ஏதாவது சேர்க்கலாம் என்று யோசித்தேன். என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு திருப்பித் தராதவள் என்பது ஞாபகம் வந்தது. அது போதும்.

கடைக்குப் போன காட்சியை எழுதினேன்:

"கடைக்காரர் மூன்று அளவுகளை எடுத்து வைத்தார். அக்கா நடுவில் இருந்ததை மாட்டி, விரல் நுனியைக் கிள்ளிப் பார்த்தாள். துணி பிடிபட்டது. லூசு என்று கழற்றினாள். சிறியதை மாட்டிக் கிள்ளினாள். பிடிபடவில்லை. அதையே வாங்கினாள். மறுநாள் வேலை முடிந்து வந்து கழற்றியபோது மணிக்கட்டைச் சுற்றி ஒரு சிவந்த கோடு, மெல்லிய வளையல் மாதிரி…"

வளையலை அழகுக்காகப் போட்டேன். ரொம்பப் பெருமையாகவும் இருந்தது. தேநீர் போட எழுந்தவள் பாதி வழியில் நின்றுவிட்டேன். அந்தக் கோட்டை நான் வேறு இடத்திலும் பார்த்திருக்கிறேன். அக்கா ஒரு தடவை எனக்கு ரத்தம் எடுத்துவிட்டு ரப்பர் பட்டையை அவிழ்த்தபோது, என் புஜத்தில்.

பார்த்தீர்களா, எழுதுகிறவளுக்குத் தெரிவதற்கு முன்பே எழுத்துக்கு… இந்த வாக்கியம் அதிகப்பிரசங்கித்தனமாகப் போகிறது. விட்டுவிடுகிறேன்.

"அக்கா, கிளவுஸை ஏன் கிள்ளிப் பாத்து எடுத்தே?"

"அப்படித்தானே எடுக்கணும்? நுனியில சுருக்கம் விழுந்தா நரம்பு தட்டுப்படாதுல்ல?"

"அது வேலைக்குப் போடுற ரப்பர் கிளவுஸுக்கு. இது சைக்கிள் ஓட்ட."

அக்கா தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாள் பூரா அடுத்தவங்க கையில பட்டை கட்டுறேன். கடைசில என் கையிலயே கட்டிக்கிட்டு வண்டி ஓட்டியிருக்கேன் பாரேன்" என்றாள். பிறகு சிரித்தாள்.

4

ஆசிரியர் கேட்ட பகுதி இதோ. கையுறை இறுக்கக் கூடாது. ரத்தம் ஓடவும் வேண்டும், விரலைச் சுற்றிக் கொஞ்சம் காற்று தங்கவும் வேண்டும். அந்தக் காற்றுதான் சூட்டைப் பிடித்துவைக்கிறது. அதற்காகத் தலையணை மாதிரித் தடியாகவும் கூடாது, பிரேக் பிடிக்க வராது. வெளிப்புறம் காற்றுப் புகாத துணியாக இருக்கட்டும். மணிக்கட்டுப் பகுதி சட்டைக் கைக்கு மேலே ஏறி வரட்டும். கடையில் கையை விரித்துப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அங்கே நிற்கும் ஏதாவது ஒரு சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்து பிரேக்கை அழுத்திப் பாருங்கள், விரலை மடக்கும்போதுதான் இறுக்கம் தெரியும். இரண்டிரண்டு விரலாகச் சேர்த்து மாட்டும் வகையும் உண்டு, நண்டுக் கொடுக்கு மாதிரி. சூடு அதிகமாம். அதை மாட்டிக்கொண்டு அக்கா என் மூக்கைப் பிடித்துத் திருகியதால் என்னால் நடுநிலையாக எழுத முடியவில்லை.

ஒரு அளவு பெரிதாக ஒரு ஜோடியும், உள்ளே போட மெல்லிய கம்பளி உறையும் வாங்கினோம். கட்டுரை இங்கே முடிகிறது. ஆசிரியர் இதோடு வெட்டிக்கொள்ளலாம்.

5

கதை முடியவில்லை. நேற்று இரண்டு முடிவுகள் எழுதி அக்காவிடம் காட்டினேன்.

முடிவு அ: முதல் குத்திலேயே ரத்தம் வருகிறது. தையல்காரர் கண்ணைத் திறந்து "அதுக்குள்ளயா?" என்கிறார்.

முடிவு ஆ: விரல் கதகதப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நரம்பு…

இரண்டாவதைப் படித்துவிட்டு அக்கா காகிதத்தை மடித்து வைத்தாள். முதலாவதற்குத்தான் கோபம் வந்தது.

"உனக்கென்ன, ஒரு வரியில எடுத்துட்டே. தப்பா வந்தா அடிச்சு எழுதிக்குவே. எனக்கு அப்படியாடி? வலிக்கிறது அவருக்கு."

இன்று திங்கட்கிழமை. சற்று முன்னால் அவர் வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"வந்துட்டேன்டி. கிளவுஸைக் கழட்டிட்டேன்."

"கை எப்படி இருக்கு?"

"சூடாத்தான் இருக்கு. இனிமே சாக்குச் சொல்ல ஒண்ணுமில்ல."

வைத்துவிட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு முடிவுகளையும் அழித்துவிட்டேன். மூன்றாவது ஒன்று எழுத என்னால் ஆகாது. இந்நேரம் பட்டை கட்டியாகியிருக்கும். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருப்பார், அக்காவின் விரல் தேடிக்கொண்டிருக்கும். இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த முடிவை வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் அடித்து அடித்து எழுதாதீர்கள். ஏற்கெனவே நான்கு குத்து வாங்கியவர் அவர்.