கடிகாரத்தில் ஐந்து பத்து

பூமிக்கு அடியில் இருந்த அந்த ஸ்டேஷனுக்கு ஜேசுராஜ் தான் குடியிருக்கும் தாபோடியிலிருந்து மெட்ரோ ஏறி வந்தது ஒரு படத்தைப் பார்க்கத்தான். எஸ்கலேட்டர் என்றால் அவருக்கு உதறல். இருந்தும் வந்துவிட்டார்.

முன்பு மேலே பஸ் ஸ்டாண்ட் இருந்தது. அதை இடித்துத்தான் கீழே குடைந்தார்கள். ஸ்டேஷன் சுவரில் அந்த ஸ்டாண்டின் பழைய படங்கள் மாட்டியிருக்கிறார்கள், அதில் ஒன்றில் அவர் மனைவி கரோலின் இருக்கிறாள் என்று சர்ச்சுக்கு வரும் டெக்ஸ்டர் சொல்லியிருந்தான். அவள் இறந்து மூன்று வருடம். வீட்டிலுள்ள படங்களையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தேய்த்துவிட்ட மனுஷருக்கு, பார்க்காத படம் ஒன்று இருக்கிறது என்றால் சும்மாவா?

முப்பது வருடம் இருவரும் அந்த ஸ்டாண்டிலிருந்து ஏழு மணி பஸ்ஸில்தான் வீடு திரும்பினார்கள். ஆபீஸ் விட்டு அவர் அரக்கப்பரக்க ஓடி வருவார். அவள் பெஞ்சில் இருப்பாள்.

“எப்ப வந்தே?”

“இப்பத்தான் வந்தேன். ஸ்பெஷல் கிளாஸ்.”

டீச்சராக இருந்தும் ஒரு நோட்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்தாதவள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார்.

படம் கிடைத்துவிட்டது. அதே பெஞ்ச். மடியில் ஒரு நோட்டு, பக்கத்தில் ஒரு கட்டு, பறக்காமலிருக்க அதன்மேல் டிபன் டப்பா. சொந்த வீட்டு மேஜை மாதிரி பரப்பிவைத்திருந்தாள். தலைக்கு மேலே கடிகாரத்தில் ஐந்து பத்து.

ஓடாத கடிகாரம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். ஆனால் பெஞ்சில் பளீரென்று வெயில். ஏழு மணிக்கு அப்படி அடிக்காது. பள்ளிக்கூடம் விடுவதே ஐந்து மணிக்கு.

கல்யாணமான புதிதில் அவர்தான் ஒருநாள் சலித்துக்கொண்டார். “ஒத்தையில பஸ்ல வந்தா வீடு வந்தே சேராது போலிருக்கு, கரோலின்.” அவருக்கே அது மறந்துபோயிருந்தது. மறுநாளிலிருந்துதான் ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பித்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு இறங்கினார். தாபோடிக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் ஒத்தையில் போக அவருக்கு மனசு வரவில்லை. இருக்கையில் உட்கார்ந்தார். ஒரு ரயில் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அப்புறம் அவர் எண்ணவில்லை.

காவலுக்கு நின்ற பெண் வைஷாலி அருகில் வந்து, ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்களே பெரியவரே என்று இந்தியில் கேட்டாள்.

“அபீ ஆயா, பேட்டி,” என்றார் ஜேசுராஜ். இப்பத்தான் வந்தேன், மகளே, என்று.