வெயில் அடித்ததற்கு ஒரு கையெழுத்து

“என் மூணு ஏக்கர் மக்காச்சோளம் ஒரு நாளைக்கு எண்பத்தேழாயிரம் லிட்டர் தண்ணி குடிக்கும் சார்!”

நீர்ப் பங்கீட்டு அலுவலகத்தில் அந்த அக்கா இப்படி மார்தட்டியபோது, சுவரில் இருந்த பல்லிகூட வாய்க்கு வந்த பூச்சியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது. ஏழு டேங்கர் லாரித் தண்ணீர்! ஐந்நூறு யானையைக் கூட்டி வந்து நிறுத்தினாலும் கடைசி நாலைந்து யானை வயிறு முட்டி, “போதும் தாயே” என்று பின்வாங்கிவிடும். வரிசையில் நின்ற விவசாயிகள் சிரித்த சிரிப்பில் மின்விசிறி ஒரு சுற்று வேகமாகச் சுற்றியது. அந்த நிமிடம் முதல் அவளுக்கு ‘லிட்டர் அக்கா’ என்று பட்டம்.

கூட வந்திருந்த அவள் கணவர், தையல்காரர், காதோரம் குனிந்தார். “ஏம்மா, கொஞ்சம் குறைச்சுச் சொல்லு. நம்புவாங்க.”

“சும்மா இருங்க. உண்மையில என்ன பேரம்?”

அவள் சொன்னது அத்தனையும் கலப்படமில்லாத உண்மை. துணி ஊறவைக்கும் தொட்டியை வயல் நடுவே வைத்து, கணவரின் அளவு நாடாவால் தினமும் அளந்திருந்தாள். ஒரு நாள் வெயிலில் தண்ணீர் எட்டு மில்லிமீட்டர் இறங்கியது. தொட்டிக் கணக்கைப் பயிர்க் கணக்காக்க, அலுவலகமே அச்சடித்துக் கொடுத்த தாளில் உள்ளபடி முக்காலால் பெருக்கினாள். பயிர் பூக்கும் பருவம் என்பதால் ஒன்று புள்ளி இரண்டால் இன்னொரு பெருக்கல். வந்ததை மூன்று ஏக்கருக்கும் பரப்பினால் எண்பத்தேழாயிரத்துச் சொச்சம். சொச்சத்தை அவளாகவே விட்டுக் கொடுத்திருந்தாள்!

எதிரே அமர்ந்திருந்த அலுவலரின் இயற்பெயர் அவருடைய மனைவிக்கே மறந்திருக்கும். எல்லோருக்கும் அவர் ‘தசமப்புள்ளி’. டீக்குச் சர்க்கரை கேட்டாலே ஒன்று புள்ளி இரண்டு ஐந்து கரண்டி என்பார். அவர் தம் தாளை நீட்டினார்.

“உங்க பயிரோட தேவை, பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம்.”

“பூஜ்ஜியமா? வெளியே தார் உருகி செருப்பைப் பிடிச்சு இழுக்குது சார்!”

“ரோட்டுக்கு நாங்க கணக்குப் போடுறதில்லம்மா. பின்னால தொட்டி இருக்கு. வெயில் எவ்வளவு குடிக்குதுன்னு தினம் எட்டரைக்கு நானே அளக்குறேன். பதினோரு நாளா ஒரு சொட்டு குறையல. நேத்து மைனஸ் ஒண்ணு புள்ளி ரெண்டு. கணக்குப்படி பார்த்தா உங்க பயிர்தான் எங்களுக்குத் தண்ணி தரணும்.”

“எப்ப வந்து கறந்துக்கிறீங்க?” என்றாள் லிட்டர் அக்கா.

வாய் அப்படிப் பேசினாலும் கண் சுவர் நாட்காட்டிக்குப் போனது. செடிகள் குஞ்சம் விட்டு, கதிரில் பட்டு நூல் எட்டிப் பார்க்கும் வாரம் அது. இப்போது தண்ணீர் பாயாவிட்டால் மணி பிடிக்காது. அத்தனை கதிரும் பொக்கை வாயோடு நிற்கும். அன்று புதன். வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மதகுச் சாவி பக்கத்து வாய்க்காலுக்குப் போய்விடும். திரும்பி வரப் பத்து நாள்.

விறுவிறுவென்று அலுவலகத்தின் பின்பக்கம் போனாள். மரச்சட்டத்தின் மேல் வட்டத் தொட்டி, புது மாப்பிள்ளை மாதிரி நிறைந்து மினுமினுத்தது. பக்கத்தில் வாட்ச்மேன், கையில் வாளி.

“என்ன தம்பி, தண்ணி குறையவே மாட்டேங்குது?”

“எப்படிக்கா குறையும்? நான்தான் தினம் காலையில ஆறு மணிக்கு ஒரு வாளி ஊத்திடுறேனே! நான் மாத்தலாகி வந்து பன்னெண்டு நாள்தான் ஆகுது. பழைய ஆபீஸ்ல, ‘தொட்டி வத்திக் கெடக்கே, கண்ணை எங்க வெச்சிருக்கே’ன்னு பெரிய சார் எரிஞ்சு விழுந்தார். இங்க அந்தப் பேச்சுக்கே இடம் வெக்கல. நேத்து கொஞ்சம் கை தாராளமாயிடுச்சு.”

அவள் வாட்ச்மேனை அப்படியே கையைப் பிடித்துத் தசமப்புள்ளியின் முன் நிறுத்தினாள். அவர் முழுவதும் கேட்டார். பதிவேட்டைப் புரட்டினார்.

“இதுல மழைன்னு ஒரு பத்தி இருக்கு. ஆவியானதுன்னு ஒரு பத்தி இருக்கு. வாட்ச்மேன்னு பத்தி இல்லையேம்மா!”

ஊற்றக் கூடாது என்று மட்டும் உத்தரவு போட்டார். வியாழன் காலை எட்டரைக்கு அளந்தால், சரியாக எட்டு மில்லிமீட்டர் குறைவு.

“காக்கா குடிச்சிருக்கும்.”

“ஒம்பது லிட்டர் சார்! குடிச்ச காக்கா பறந்துச்சா, உருண்டுச்சா?”

“அப்ப ஓட்டை.”

“நாளைக்கு நாற்காலி போட்டு நீங்களே உட்காருங்க. காக்கா வருதா, ஓட்டை விழுதான்னு பார்த்துடுவோம்.” வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவரால் பின்வாங்க முடியவில்லை.

வெள்ளி காலை எட்டரைக்கு அளந்துவிட்டு உட்கார்ந்தார். குடை விரித்தார். “தொட்டிக்குக் குடை இல்லையே சார்” என்றாள் அக்கா. குடை மடங்கியது. பத்து மணிக்குக் காலர் நனைந்தது. பன்னிரண்டுக்கு அவர் சட்டையைப் பிழிந்திருந்தால் அரை ஏக்கர் பாய்ந்திருக்கும். வாட்ச்மேன் பழக்கதோஷத்தில் இரண்டு முறை வாளியைத் தூக்க, தையல்காரர் இரண்டு முறையும் பாய்ந்து பிடுங்கினார். மதியம் ஒரு காக்கை வந்தது. விளிம்பில் கால் வைத்தது. சுட்டதும், அச்சில் ஏற்ற முடியாத ஏதோ ஒன்றைக் கத்திவிட்டுப் பறந்தது. தசமப்புள்ளி மண்டியிட்டுத் தொட்டியின் அடியைத் தடவினார். விரலில் ஒட்டியது வெறும் புழுதி.

நாலரைக்குத் தொட்டிக்குள் அளவுகோலை விட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“ஆறு புள்ளி நாலு.”

“காக்கா குடிச்சுதா?”

“இல்ல.”

“ஓட்டையா?”

“இல்லம்மா.”

“வாட்ச்மேன்?”

“பாவம், அவன் கைய உங்க வீட்டுக்காரர் விடவே இல்ல.”

“அப்ப யாரு சார் குடிச்சது? மணி அஞ்சாகப் போகுது.”

தசமப்புள்ளி தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அன்றுதான் முதல் தடவை. கண் கூசி நீர் வழிந்தது. இடுப்பிலிருந்து மதகுச் சாவியை அவிழ்த்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, பத்தி ஏதும் இல்லாத ஓரத்தில் எழுதி, தேதியும் நேரமும் போட்டு, கையெழுத்தும் இட்டு, உரக்கப் படித்தார்:

“கடந்த பதினோரு நாளும் வெயில் அடித்தது உண்மை.”