கீழப்பழுவூர் ஒரு டிக்கெட்

இளையபெருமாளுக்கு என்ன கோளாறு என்று கேட்டால் பாப்பாத்தியால் சொல்ல முடியாது. காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது. உட்கார வைத்தால் உட்கார்ந்தபடி, படுக்க வைத்தால் படுத்தபடி. அரியலூர் - தஞ்சாவூர் பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக நின்றே பிழைத்த மனுசன்! எந்தக் கூட்டத்திலும் ஒருத்தன் டிக்கெட் வாங்காமல் நழுவ முடியுமா அவரிடம்? இப்போது மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூட விரட்டுவதில்லை. முதலில் பேர்கள் மறந்தன. அப்புறம் பேச்சே நின்றது. கட்டியவளையும் யாரோ மாதிரிதான் பார்த்தார்.

அவளும் சும்மா விட்டாளா? கெஞ்சினாள், திட்டினாள், சாமிக்குக் காசு முடிந்து வைத்தாள். ம்ஹூம். ஒரே மகளும் திருச்சியில் வாக்கப்பட்டிருந்தாள். பேச ஆளில்லாமல் பாப்பாத்தி அடுப்போடு பேசப் பழகிவிட்டாள். பெரிய ஆசையெல்லாம் இல்லை அவளுக்கு. கண்ணை மூடுவதற்குள் அந்த வாய் தன் பேரை ஒரு தரம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மகள் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. "இந்த மறதிக்கு மருந்து இல்லம்மா. அவரு சோம்பேறியும் இல்ல, வீம்பும் இல்ல. தானா ஒண்ண ஆரம்பிக்க வராது, அதான் வியாதி. தள்ளிவிட்டா ஓடுற வண்டி இருக்குல்ல, அது மாதிரி. பழகுன வேலையா பாத்து நீங்க ஆரம்பிச்சு வைங்க. எல்லாத்தையும் நீங்களே செஞ்சு குடுத்துடாதீங்க."

பாப்பாத்திக்குச் சுருக்கென்றது. துண்டை எடுத்துக் கொடுப்பதும் சோற்றை ஊட்டிவிடுவதும்தான் பொண்டாட்டிக்கு அழகு என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

கடலை உடைக்க உட்கார வைத்தாள். கையில் கொடுத்த காய் பொழுது சாயும்வரை கையிலேயே இருந்தது. அப்புறம்தான் பரணில் கிடந்த தோல் பையும் விசிலும் ஞாபகம் வந்தன. தூசி தட்டி அவர் தோளில் மாட்டிவிட்டு, கூடத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"கண்டக்டர் சார், கீழப்பழுவூர் ஒரு டிக்கெட்."

அசைவே இல்லை. மறுநாளும் அதே கதைதான். அவளுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. "டிக்கெட் வாங்காமத்தான் எறங்கப்போறேன். யாரு கேக்குறது!"

எழுந்துவிட்டார்.

"யாரும்மா அது? டிக்கெட் எடுத்துட்டு எறங்குங்க!"

அம்மாடி, அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலம்! அடுப்படிக்கு ஓடிப்போய், அழுகையும் சிரிப்புமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகு தினமும் மத்தியானம் பஸ் ஓடியது. "உள்ள போங்க, உள்ள போங்க" என்று காலிக் கூடத்தை அதட்டுவார். முடிந்ததும் தானே சோற்றைப் பிசைந்து சாப்பிடுவார். டாக்டர் கெட்டிக்காரர்தான். ஆனால் இளையபெருமாள் பேசியதெல்லாம் யாரோ ஒரு பிரயாணியிடம். காலமெல்லாம் "ஏய்", "இந்தா" என்று கூப்பிட்டவர் "வாங்கம்மா, போங்கம்மா" என்றார். யாருக்கு வேணும் அந்த மரியாதை? பையைக் கழற்றினால் மறுபடியும் கல். அவர் பேசாமலே கிடந்த நாட்களைவிட இப்போதுதான் வீடு வெறிச்சென்று இருந்தது அவளுக்கு.

ஒருநாள், "கீழப்பழுவூர் எறக்கம்" என்று எழுந்தாள். அவர் விசில் அடிக்கவில்லை. தெருவைப் பார்த்த இரண்டு சன்னல்களில் முன்சன்னலுக்குப் போய் நின்றார்.

"செத்த பொறுங்கம்மா. எம் பொண்டாட்டி சோறு கொண்டாந்து நிப்பா."

 அந்தக் காலத்தில் பாப்பாத்தி உச்சி வெயிலில் தூக்குச்சட்டியோடு கீழப்பழுவூர் ஸ்டாப்பிங்கில் நிற்பாள். முகத்தைக்கூடப் பார்க்காமல் சன்னல் வழியாக வாங்கிக்கொண்டு விசில் கொடுத்துவிடுவார் மகராசன். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

"ஏங்க, அவ மொகத்தக்கூட பாக்க மாட்டீங்களாமே?"

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "வண்டி நெறைய ஆளு. வெக்கமா இருக்கும்மா. வண்டி கெளம்புனதும் பின்னாடி சன்னலுக்கு ஓடிருவேன். பாப்பாத்தி அங்கயேதான் நிப்பா. ரோடு திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டே போவேன்."

பேர் வந்துவிட்டது. வந்ததும் வந்தது, வேறு யாரிடமோ அல்லவா சொல்கிறார்!

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு ஆளக் காணுமே." விசில் பிடித்த கை மெல்ல இறங்கியது. முகம் பழையபடி அணையத் தொடங்கியது.

பாப்பாத்தி அடுப்படிக்கு ஓடினாள். தூக்குச்சட்டியில் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, கொல்லைப்புறமாக வீட்டைச் சுற்றித் தெருவுக்கு வந்து, முன்சன்னலுக்கு நேரே கையை உயர்த்தி நின்றாள். அவர் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். விசில் அடித்தார். சன்னல் காலியானது.

அவள் நகரவில்லை.

பின்சன்னலில் அவர் முகம் தெரிந்தது. சன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். உள்ளே போனால் அவள் மறுபடியும் பிரயாணிதான். கால் சுட்டது. பாப்பாத்தி வெயிலிலேயே நின்றாள்.