நிலுவையில் இருந்தவர்

பூங்கா வாசலுக்கு எதிரே, சாலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், நகராட்சி எழுத்தரின் மனைவி சில வருடங்கள் நின்றுகொண்டிருந்தார். காய்கறி விலை ஏறினால் கொஞ்ச நாள் புலம்பிவிட்டு அந்த விலைக்கே வாங்கப் பழகிவிடுவது போல ஊர் இதற்கும் பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள்தான் அண்ணாந்து பார்த்தபடி நடந்து தடுக்கி விழுவார்கள். தடுக்கி விழ அங்கே பள்ளத்துக்குப் பஞ்சமில்லை.

நடந்தது இதுதான். பூங்காவின் சுற்றுச்சுவர் நகராட்சிக்குச் சொந்தம். தார்ச்சாலை நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். இரண்டுக்கும் நடுவே குப்பையும் உடைந்த கல்லுமாகக் கிடந்த துண்டு நிலம் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் வில்லங்கம். துறை நகராட்சியைக் கை காட்டும், நகராட்சி துறையைக் கை காட்டும். ஆகவே பூங்காவுக்கு வருகிறவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டும் கைத்தடி ஊன்றிக்கொண்டும், வண்டிகளோடு வண்டியாகச் சாலையிலேயே நடந்தார்கள். நடைபாதை கேட்டு முதலில் மனு கொடுத்தவர் எழுத்தரின் மனைவியேதான். அதை வாங்கி, 'நிலுவையில் உள்ளது' என்று பதில் எழுதியவர் எழுத்தரேதான். அவருக்கு எழுத்து மட்டுமல்ல, பேச்சும் அதுதான். குளிச்சாச்சா என்று வீட்டில் கேட்டால்கூட "நிலுவையில இருக்கு" என்பார். ஊரில் அவருக்கு நிலுவையார் என்றே பெயர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு நாள் காலை, தண்ணீர் லாரி ஒன்று பின்னாலிருந்து வந்து மனைவியை இடித்தது. இடிபட்ட எவரையும் போலவே அவரும் மேலே தூக்கி எறியப்பட்டார். கீழேதான் வரவில்லை. போலீஸ்காரர் வந்து, இதைக் காயம் என்பதா சாவு என்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். மருத்துவர் ஏணி போட்டு ஏறி நாடி பிடித்துப் பார்த்து, ரத்த அழுத்தம் சற்று அதிகம், உப்பைக் குறைக்கலாம் என்றார். விஷயம் முதலில் பிடிபட்டது எழுத்தருக்குத்தான். மனு நிலுவையில் இருக்கிறது. ஆகவே மனுதாரரும் நிலுவையில் இருக்கிறார். அலுவலக நடைமுறைப்படி பார்த்தால் இதில் தவறே கிடையாது.

மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. மின்வாரியம் கம்பியை நகர்த்திக் கட்டியது. தோட்டப் பிரிவு ஏணியை அங்கேயே விட்டுவைத்தது. உயரமாகப் பாரம் ஏற்றிய லாரிகள் ஒதுங்கிப் போகும்படி நெடுஞ்சாலைத் துறை பலகை வைத்தது. நடைபாதை மட்டும் வரவில்லை. எழுத்தர் காலையும் மாலையும் ஏணியில் ஏறிச் சாப்பாடு கொடுப்பார், தலை வாரிவிடுவார், வீட்டுக் கதையெல்லாம் சொல்வார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவரும் அவ்வளவு பேசியதில்லை. மேலிருந்து பார்த்தால் சாலை இரண்டு பக்கமும் தெரியும் என்பதால், நடக்கிறவர்களுக்கு மனைவிதான் காவல். "ஏம்மா, பின்னால பஸ் வருது, ஒதுங்கு" என்று நாள் முழுக்கக் குரல் கொடுத்துக்கொண்டிருப்பார். வாசலில் பலூன் விற்கிற பெண் அவருக்குத் துணை. "தொண்டை கட்டிக்கும்க்கா, கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்பாள்.

பிறகு புது ஆணையர் வந்தார். அந்த அம்மாவுக்கு வேலை செய்கிற கெட்ட பழக்கம் இருந்தது. நெடுஞ்சாலைத் துறையோடு உட்கார்ந்து பேசி, துண்டு நிலத்துக்கு நகராட்சியே பொறுப்பு என்று ஒப்புக்கொண்டு, எழுத்தரைக் கூப்பிட்டு, "அந்தப் பூங்கா மனுவைப் பைசல் பண்ணிடுங்க" என்றார். மனு நிலுவையில் இருக்கும்வரைதான் மனைவி அங்கே. பைசல் ஆகிவிட்டால், லாரி இடித்த இடி பாக்கியில்லாமல் வந்து சேர்ந்துவிடும். அதுவரை சோம்பலில் செய்துவந்த வேலையை எழுத்தர் முதல்முறையாக அக்கறையோடு செய்தார். பூங்கா என்பது பூங்காதானா என்று விளக்கம் கேட்டார். கல்லின் நிறம் குறித்துத் தோட்டப் பிரிவிடம் கருத்துக் கேட்டார். ஒருமுறை அந்த மனுவின் கோப்பையே வீட்டுக்கு எடுத்துப் போய்த் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தார். இப்படி ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போயின.

அந்த வெயிலில்தான் ஒரு பிற்பகல் மனைவி சற்றுக் கண்ணயர்ந்துவிட்டார். குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கச் சாலையில் நடந்துபோன பலூன்காரியை ஒரு வேன் அடித்தது. அவள் மனு எதுவும் கொடுத்தவள் இல்லை. அதனால் நேராகக் கீழே விழுந்து, அங்கேயே இறந்துபோனாள். பலூன்கள் மட்டும் மேலே வந்து எழுத்தர் மனைவியின் முகத்தில் பட்டு, அவரை எழுப்பிவிட்டுப் போயின.

மாலையில் எழுத்தர் ஏணியில் ஏறியபோது மனைவி சாப்பாட்டைத் தொடவில்லை.

"அந்த நடைபாதை என்னாச்சுங்க?"

"நிலுவையில..." என்று ஆரம்பித்தவரால் முடிக்க முடியவில்லை.

"நீங்கதான் இழுத்தடிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். எனக்கும் கீழ வரப் பயமாத்தான் இருந்துச்சு. அதான் கேக்காமலே இருந்தேன். இன்னைக்கு அவ பொண்ணு வந்து இங்க நின்னு அழுதுட்டுப் போச்சு. என்னால தாங்க முடியலங்க."

"நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்?"

"தெரியல. எழுதுங்க."

எழுத்தர் ஏணியிலேயே நின்று விம்மி விம்மி அழுதார். ஏணி ஆடியது. போய்க்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர் வந்து அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் கோப்பில் 'பைசல்' என்று எழுதினார். வேலை தொடங்கியது. ஒவ்வொரு கல்லாகப் பதிக்கப் பதிக்க, மனைவி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார். நிதானமாகச் செய்யுங்கள் என்று எழுத்தர் மேஸ்திரியிடம் தினமும் கெஞ்சுவார். "மெதுவாத்தான் சார் போடுறோம். ஆனா போடப்போடப் பாதை முடியுதே" என்றார் மேஸ்திரி. அவரும்தான் என்ன செய்வார்?

கடைசிக் கல் வைத்த அன்று மனைவியின் கால் நடைபாதையில் பட்டது. எழுத்தர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பூங்காச் சுவரை ஒட்டி, யாருக்கும் ஒதுங்காமல், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தார்கள். கோடிக்கு வரும்போது மனைவி நின்று ஒரு கல்லைக் காலால் அழுத்திப் பார்த்து, "இது ஆடுதுங்க. வயசானவங்க யாராவது விழுந்துடுவாங்க" என்றார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். லாரி இடித்த வலி அப்போதுதான் வந்து சேர்ந்தது. எழுத்தரின் மடியில் தலை வைத்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. விபத்து நடந்தது எந்த வருடம் என்று எழுதுவதில் மட்டும் மருத்துவருக்கும் போலீஸ்காரருக்கும் சின்னக் கருத்து வேறுபாடு வந்தது. அதையும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே எழுத்தர் அலுவலகம் போனார். ஆடுகிற கல்லைப் பற்றித் தானே ஒரு மனு எழுதி, தானே அதை வாங்கிக்கொண்டு, மேஸ்திரியைக் கையோடு கூட்டிவந்தார். கொடுத்த அன்றே பைசலான மனு அந்த நகராட்சியில் அதுதான் முதல். மேஸ்திரி கல்லைப் பெயர்த்து, கலவை போட்டு, மறுபடி உட்காரவைத்தார். எழுத்தர் அதன்மேல் ஏறி நின்று, இரண்டு காலாலும் அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை.