செதில் தூக்கிய கால்

சிவப்பி நொண்டுவதை முதலில் கவனித்தது அம்மாதான். அதைச் சொன்ன விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

"வரும்போதே நோயோட வந்திருக்கும். நம்ம கோழிங்க இத்தனை நாளா நல்லாத்தானே நடந்துச்சு?"

சிவப்பி அண்ணியின் கோழி. அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, துணிப்பெட்டியோடு ஒரு கூடையில் அதையும் கொண்டுவந்தார். அம்மா பேசும்போது அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. குழாயை மட்டும் இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

மற்ற கோழிகளுக்கு ஒட்டுவதற்குள் சிவப்பியைக் கறிக்கடைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அம்மாவின் முடிவு.

"கொஞ்ச நாள் பொறும்மா, நான் என்னன்னு பாக்கறேன்" என்றேன்.

"நீ பாக்கறியா? கண்ணாடியைப் போட்டுக்கிட்டே கண்ணாடியைத் தேடறவ."

"விடும்மா, டாக்டருக்குப் படிக்கிறா" என்றான் அண்ணன்.

நான் படிப்பது ஆய்வுக்கூட உதவியாளர் படிப்பு. அதுவும் வேலை முடிந்து போகும் மாலை வகுப்பு. பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்பது அங்கே தினமும் காதில் விழும் பாட்டு. அதனால் சிவப்பியை மடியில் கிடத்தி, பார்த்ததை மட்டும் எழுதிக்கொண்டேன். நல்ல கோழியின் காலில் செதில்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இவள் காலில் அவை தூக்கிக்கொண்டு நின்றன. அடியில் சுண்ணாம்பு காய்ந்தாற்போல வெள்ளைப் பொருக்கு. விரல்கள் வீங்கியிருந்தன.

மறுநாள் அவளைக் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். கால்நடை மருத்துவர் சிவப்பியின் காலை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "வயசானாலும் செதில் தடிக்கும், ஆனா படிஞ்சே இருக்கும். இது கீழேயிருந்து தள்ளுது பாருங்க. அடியில உண்ணி குடியிருக்கு. கண்ணுக்குத் தெரியாது."

வைத்தியத்தையும் அவரே சொன்னார். சோப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைக்க வேண்டும். மெல்லிய பல் பிரஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, செதிலுக்கு அடியிலும் இறங்கும்படி வாஸ்லினை அப்ப வேண்டும். காற்று இல்லாமல் உண்ணி செத்துவிடும். விடாமல் சில வாரம் செய்ய வேண்டும். பொருக்கைப் பிய்த்தால் ரத்தம் வரும். "மண்ணெண்ணெய் ஊத்தினா என்ன?" என்று அண்ணன் கேட்கச் சொல்லியிருந்தான். "அவர் கால்ல முதல்ல ஊத்திப் பாக்கச் சொல்லுங்க" என்றார் மருத்துவர். நான் கிளம்பும்போது, "கூட அடையற எல்லாக் கோழிக்கும் போடுங்க. அதுங்க உட்கார்ற கட்டையையும் சுத்தம் பண்ணுங்க" என்றார்.

நான் சிவப்பியைத் தனியாகக் குளியலறை மூலையில் அடைத்து வைத்தியம் பார்த்தேன். கட்டையைத் தேய்த்துக் கழுவினேன். மற்ற கோழிகளையும் தூக்கிப் பார்த்தேன். கால்கள் வழவழவென்று இருந்தன. நோய் இல்லாததற்கு எதற்கு மருந்து என்று விட்டுவிட்டேன். பூட்ஸ்காரியை மட்டும் தூக்கவில்லை. அவள் அம்மாவின் செல்லம். விரல்வரை இறகு மூடியிருப்பதால் அந்தப் பெயர். அம்மா மடியில் மட்டும்தான் உட்காருவாள், வேறு யார் கை பட்டாலும் கொத்திவிடுவாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்து, 'நலம்' என்று எழுதிவிட்டேன்.

சிவப்பி தேறினாள். கூண்டுக்குள் விட்டேன். அண்ணி அன்றைக்கு வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு துணி மடித்தார். ஆனால் அடுத்த மாதமே சிவப்பி மறுபடி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"நான் அப்பவே சொன்னேன். அது கூடவே பொறந்தது. நீ என்னத்தைத் தேய்ச்சாலும் போகாது" என்றாள் அம்மா.

அண்ணி துணி உலர்த்துவதை நிறுத்தினார். "குடுத்துடுங்க அத்தை. என் கோழியால உங்க கோழிங்களுக்கு எதுவும் ஆக வேணாம்."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது. நான் சிவப்பியை மட்டும் குளியலறையில் அடைத்தபோது, குற்றவாளி இவள்தான் என்று அம்மாவோடு சேர்ந்து நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேனோ? வைத்தியம் தப்பா, நான் செய்த விதம் தப்பா, தெரியவில்லை. ஆனால் தனியாக இருந்தபோது தேறிய கால், கூண்டுக்குள் போனதும் கெட்டது. அப்படியென்றால் நோய் கூண்டுக்குள் இருக்கிறது.

பொழுது சாய்ந்து கோழிகள் அடைந்த பிறகு டார்ச்சோடு போனேன். சிவப்பி பூட்ஸ்காரியின் இறக்கையை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பகலில் கொத்துகிற பூட்ஸ்காரி இருட்டில் பொம்மை மாதிரி இருந்தாள். அவள் கால் இறகை விலக்கினேன். உள்ளே கால் என்றே சொல்ல முடியவில்லை. பொருக்கு அடுக்கடுக்காகக் கெட்டிப்பட்டுப் பழுப்பேறியிருந்தது. ஒரு விரலில் நகமே இல்லை.

அம்மாவைக் கூப்பிட்டேன். "கையைக் குடும்மா" என்று மட்டும் சொல்லி, அவள் விரலை இறகுக்குள் வைத்தேன்.

அம்மா தடவினாள். மறு காலையும் தடவினாள்.

"இது எப்ப இருந்து இருக்கு?"

"தெரியலம்மா. எது எதுக்குக் குடுத்துச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா இது சிவப்பியோடதை விட ரொம்பப் பழசு."

அம்மா டார்ச்சை வாங்கி அணைத்தாள்.

"தினமும் என் மடியிலதானே உட்கார்ந்திருந்தா" என்றாள். "வலிச்சிருக்கும்ல?"

பிறகு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இந்தாம்மா, கொஞ்சம் தண்ணி காய வச்சுக் கொண்டு வா. ரெண்டுக்கும் சேர்த்து."

அண்ணி வாளியோடு வந்தார். அம்மா பூட்ஸ்காரியை மடியில் வைத்துக்கொண்டு பின்படியில் உட்கார்ந்தாள். மன்னிப்பு, சமாதானம் எதுவும் இல்லை. "கறிக்கடைக்காரர் வந்தா வீட்ல யாரும் இல்லைன்னு சொல்லிடு" என்றாள் என்னிடம். அண்ணன் உள்ளேயிருந்து, "யாரு சொல்றதாம்?" என்றான்.

வெந்நீரில் கால் பட்டதும் பூட்ஸ்காரிக்குத் தூக்கம் கலைந்தது. ஒரே உதறல். தண்ணீர் அண்ணியின் முகத்தில் தெறித்தது. கோழிக்கு வலிக்கிறதோ என்று பயந்து அம்மா பிடியைத் தளர்த்திவிட்டாள்.

அண்ணி முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டார். "அத்தை, ஒழுங்கா இறுக்கிப் பிடிங்க. நீங்க கொஞ்சிக்கிட்டு இருந்தா நான் எப்படித் தேய்க்கறது?"

இந்த வீட்டில் அண்ணி இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன்.

"சரி, சரி" என்று அம்மா கோழியை இறுக்கிப் பிடித்தாள்.