அடைக்கோழித் தீர்மானம்

அன்று காலையில் மூன்றாம் முறையாகக் கிளிப்பெட்டியின் மூடியைத் திறந்தார் வரதராஜுலு. வந்திருந்தவர் தாலுகா போர்டு மெம்பர். முட்டையைக் காட்டாமல் எப்படி அனுப்புவது? வெளிச்சம் பட்டதும் பெண்கிளி மூன்று முட்டைகளையும் விட்டு எழுந்து, கூண்டு மூலைக்குப் போய் அவரைப் பார்த்துக் கத்தியது. "பாத்தீங்களா, பெத்ததுக மேல அக்கறையே இல்லாத கழுதை" என்றார்.

கோயமுத்தூரில் பருத்தி ஜின்னிங் பேக்டரி வைத்திருப்பவர்கள் பலர். பட்சிப் பிரியர் சங்கத்துக்குத் தலைவர் அவர் ஒருவரே. உறுப்பினர்கள் மொத்தம் மூன்று பேர் என்பது வேறு விஷயம். ஜில்லா கலெக்டரான பெரிய துரையின் மனைவி ஊட்டிக்குக் கிளம்புமுன், தம் வீட்டிலேயே பொரித்த கிளிக்குஞ்சு ஒன்று தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ராவ் பகதூர் பட்டம் அந்த முட்டைக்குள்தான் இருந்தது. ஆகவே சங்கம் கூடியது. முறுக்கும் காப்பியும் தீர்ந்தபின், தாய்க்கிளிக்குப் பொறுப்புப் போதாதென்றும், முட்டைகளை ஓர் அடைக்கோழியிடம் ஒப்படைப்பதென்றும் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. கிளியை யாரும் கேட்கவில்லை.

அப்போது அடையிலிருந்த கோழி, தோட்டம் கூட்டும் பாவாத்தாளுடையது. பதினொரு முட்டை வைத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஆடியில் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். சாறு வைத்துக் கொடுக்க அந்தக் குஞ்சுகளைத்தான் நம்பியிருந்தாள். அந்த வீட்டுக் கிணற்றுக் கயிற்றை அவள் தொடக்கூடாது. அவள் கோழி வீட்டுக்குள் வருவதற்குத் தடை ஒன்றும் இல்லை.

"ஏனுங் எசமாங்க, கிளி நல்லாத்தானுங்க அடை காக்குது. நீங்க மூடியத் தொறக்காம இருந்தாப் போதுமுங்க."

"எனக்கே பாடம் சொல்றயா?"

"கோழிக்குஞ்சு தானாப் பொறுக்கித் திங்குமுங்க. கிளிக்குஞ்சுக்கு ஆத்தா வாயில மென்னு ஊட்டோணும். கோழிக்கு அது தெரியாதுங்க."

"சூடுன்னா சூடு, முட்டைன்னா முட்டை. எந்தக் காட்டுப் பருத்தின்னு மெஷின் கேக்குதா? உம்பட புருசன் பேக்டரியிலதான இருக்கான்? இருக்கோணுமா, வேண்டாமா?"

கோழி வந்தது. அதன் முட்டைகளை எடுத்துவிட்டுக் கிளிமுட்டைகளை வைத்தார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று கணக்கர் கந்தப்பன் கூடைத் தவிட்டுக்குள் கரித்துண்டும் பேக்டரி போல்ட் ஒன்றும் புதைத்தார். சூடிழந்த பதினொரு முட்டைகளும் நாறத் தொடங்கியதும் பாவாத்தாள் அவற்றை எருக்குழியில் போட்டு மூடினாள்.

கோழி குறை வைக்கவில்லை. மூன்றும் பொரிந்தன. அது கூடையை விட்டு இறங்கி, தரையைக் கீறி, கொக்கொக்கென்று பிள்ளைகளைத் தீனிக்கு அழைத்தது. கண் திறவாத, மயிரில்லாத மூன்று சதைத்துண்டுகள் தவிட்டில் கிடந்து ஆகாயத்தை நோக்கி வாயைப் பிளந்தன. சாயங்காலம் ஒன்று போயிற்று. மறுநாள் காலை இன்னொன்று. மிஞ்சியதை வரதராஜுலு கிளிப்பெட்டியில் விட்டுப் பார்த்தார். தாய்க்கிளி பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டது. குஞ்சு மறுபடி கூடைக்கே வந்தது. மென்று துப்புவது முதலாளி அந்தஸ்துக்குப் பொருந்தாது. கந்தப்பனுக்கோ திடீரென்று பல்வலி. துரைசானி பத்து மணிக்குப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள்.

பாவாத்தாளைக் கூப்பிட்டார்கள். முதல்முறையாக வரதராஜுலுவின் குரலில் குழைவு வந்தது.

"அம்மணி, உனக்குத்தான் சூட்சுமம் தெரியும். நீ மென்னு ஊட்டு."

"எம்பட எச்சலுங்களா?"

"பட்சிக்கு ஏது எச்சலு!"

கந்தப்பன் ஊறவைத்த கடலைப்பருப்பை, விரல் பட்டுவிடாத உயரத்திலிருந்து அவள் உள்ளங்கையில் உதிர்த்தார். அவள் வாயில் போட்டு மென்றாள். முதலாளியும் கணக்கரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூடைக்குள் குஞ்சு தலையைத் தூக்கி, இடமும் வலமும் ஆட்டி, வாயைத் திறந்தது. அவள் நிதானமாக, பருப்பு கூழாகும்வரை மென்றாள்.

அவள் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது.

"இன்னுங் கொஞ்சம் போடுங்க" என்று கையை நீட்டினாள்.