மிக்கேல் அண்ணன் ஷெட்டுப் புகை

எங்கள் தீவின் மரைன் ஹில்லில், மேட்டுச் சரிவில் எங்கள் வீட்டு மதில் குட்டையாக இருப்பதற்கு நான் பொறுப்பல்ல. அந்தப் பக்கம் மிக்கேல் அண்ணனின் வெல்டிங் ஷெட். படகு எஞ்சின் பாகங்களை ஒரு திரவத்தில் கழுவி, ஈரத்தோடேயே பற்றவைப்பார். இந்த மழையில் எதுதான் காய்கிறது? மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த கேன், லேபிளும் உரிந்துபோயிருந்தது. பிசுக்கை நன்றாக எடுக்கும், அது போதும் அவருக்கு.

அவர் மகள் சுபிதா ஆராய்ச்சி மாணவி. குளோரின் கலந்த கரைப்பான்களைச் சூடான குழாயில் விட்டு உடைப்பாள். உடைந்தவற்றை கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவி பிரித்துக் காட்டுமாம். போன வாரம் இருமல் மருந்துப் புட்டியில் அவள் எதையோ ஒளித்துக்கொண்டு போனதைப் பார்த்து, காதல்தான் என்று தெருவுக்கெல்லாம் சொல்லியிருந்தேன்.

நேற்று மத்தியானம் அண்ணன் பற்றவைத்துக்கொண்டிருக்கும்போது ஷெட்டுக்குள் ஓடி வந்தாள்.

“அப்பா, நிறுத்துங்க! கேன்ல இருக்கது ட்ரைகுளோரோஎத்திலீன். புட்டில எடுத்துட்டுப் போயி கருவில பாத்துட்டேன். வெல்டிங் சூட்டுல அது உடைஞ்சி விஷவாயு வரும்.”

“அரே, மாசக்கணக்கா இதுலதான் வேல பாக்கேன், செத்தா போனேன்?”

“அதான் இருமுறீங்க.”

“கடல்காத்து மக்களே.”

படகுக்காரர் சண்முகம் தன் எஞ்சின் பாகத்துக்காக வாசலில் நின்றிருந்தார். “படிச்ச பிள்ள சொல்லுது, கேளும் மிக்கேல். இந்த ஒரு ஜாயின்ட்ட முடிச்சிட்டுக் கேளும்.”

சுபிதா மெயின் சுவிட்சை இறக்கினாள். அண்ணன் அவளை விலக்கிவிட்டு ஏற்றினார். ஜாயின்ட் முடிந்தது. சண்முகம் பாகத்தோடு கிளம்பினார்.

“எங்கட்டி உன் விஷம்?” அண்ணன் டீ குடித்தபடி சிரித்தார். நானும் மதிலில் சாய்ந்து சிரித்தேன்.

“உடனே தெரியாதுப்பா. நுரையீரல்ல தண்ணி கோக்க நேரமாகும். இப்பவே ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

அவர் அசையவில்லை. அவள் எதிரே உட்கார்ந்து அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கேற்றும் நேரத்தில் அவர் உதடு நீலம் பாய்ந்தது. எழுந்து, ரோட்டுக்கு ஏறும் மேட்டுப் படியை நோக்கிப் போனவரைப் பிடித்து நிறுத்தினாள். “நடக்கக் கூடாது, மூச்சு இன்னும் மோசமாகும். ரீத்தா அக்கா, நாற்காலி கொண்டாங்க!” என்று மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைக் கூப்பிட்டாள்.

ஒற்றையாளாக எஞ்சின் தூக்குகிறவரை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, நாங்கள் நாலு பேர் ரோட்டுக்குத் தூக்கினோம். தெருவே எட்டிப் பார்த்தது. வெட்கப்படக்கூட அவருக்கு மூச்சில்லை.

ஆட்டோவில் ஏற்றும்போது மகளின் கையைப் பிடித்தார். “சரியாயிருமா மக்களே?”

“தெரியலப்பா” என்றாள். “பேசாதீங்க.”